மை தொடாத முத்திரை

தன்மேல் ஒரு தத்துவம் தாக்கம் செலுத்தியிருக்கிறது என்ற செய்தி உடோனோ ஷின்பெய்க்கு ஐம்பத்தாறாவது வயதில்தான் தெரியவந்தது. அதையும் ஜெர்மனியிலிருந்து கடிதம் போட்டுத்தான் சொன்னார்கள். மனிதர் கியோட்டோவிலேயே பிறந்து வளர்ந்தவர். இனாகி கென்ரோ என்ற மாபெரும் தத்துவ ஞானி தலையைக் குனிந்து நடைபோட்ட அதே கால்வாய்க் கரையில் முப்பது வருடம் சைக்கிள் மிதித்தவர். ஒரு நாளாவது எதுவோ தாக்கியதாக அவருக்கு உறைத்ததில்லை. ஒரு தடவை ஒரு நாரை தாக்கியது. அது வேறு கதை.

கடிதம் ஒரு அருங்காட்சியகத்திலிருந்து வந்திருந்தது. "தங்களுடைய நாற்பத்தொரு ஓவியங்களிலும் நடுவில் ஆள் அளவுக்கு வெறும் வெள்ளை விடப்பட்டிருக்கிறது. அந்த வெள்ளைக்குள் இனாகி கென்ரோவின் இன்மைத் தத்துவம் மூச்சுவிடுவதைக் கண்டு எங்கள் குழு இரண்டு நாள் பேச்சற்றுப் போயிற்று. வசந்த காலக் கண்காட்சியில் ஒரு முழு அறை தங்களுக்கு. தாங்களும் துணைவியாரும் வந்து ஒரு மாதம் தங்க ஏற்பாடு செய்கிறோம். இத்தகைய தாக்கங்களை உறுதிசெய்யத் தங்கள் ஊரிலேயே ஒரு கழகம் இருப்பதாக அறிகிறோம். அவர்களுடைய சான்றிதழை இம்மாத முடிவுக்குள் அனுப்பிவைக்கவும்."

ஷின்பெய் அதை மூன்று தடவை படித்தார். நான்காவது தடவை, மனைவி ஃபுமியே வேலை முடிந்து வந்ததும், குரலை ஏற்றி இறக்கிப் படித்துக் காட்டினார். கடைவீதியில் ஒரு டப்பாச் சாப்பாட்டுக் கடையில் கொரோக்கே பொரிப்பது ஃபுமியேவின் வேலை. உருளைக்கிழங்கை மசித்து உருட்டி, ரொட்டித்தூளில் புரட்டி, எண்ணெயில் விட்டு எடுக்க வேண்டும். அதை இருபத்தாறு வருடமாக நின்றபடி செய்கிறாள். அந்த வருமானத்தில்தான் ஷின்பெய் ஓவியராக இருந்துவந்தார்.

"தத்துவமா? உங்களையா?" என்றாள் ஃபுமியே, தரையில் கால்நீட்டி உட்கார்ந்து கெண்டைக்காலைப் பிசைந்துகொண்டே. வீட்டில் இருந்தது ஒரே ஒரு நாற்காலி. அது ஓவியருக்கு. "லேசா சளி பிடிச்சாலே நாலு தெருவுக்குக் கேக்கற மாதிரி தும்முவீங்க. இத்தனை பெரிசு பிடிச்சிருக்கு, ஒரு தும்மல்கூட கேக்கலையே?"

"மெல்ல மெல்லப் பிடிச்சிருக்கும் ஃபுமி."

"அந்த வெள்ளை என்னன்னு அவங்களுக்குத் தெரியுமா?"

ஷின்பெய் கடிதத்தை மடித்து உறையில் போட்டார். பிறகு உறையின் தபால்தலையை வெகுநேரம் ரசித்தார்.

அந்த வெள்ளை ஃபுமியே உட்கார வேண்டிய இடம். அடுப்பங்கரை, ரயில் நிலையம், கமோ ஆற்றங்கரை என்று எதை வரைந்தாலும் நடுவில் அவளை வைக்க வேண்டும் என்பதுதான் யோசனை. அவளுக்கு வார விடுமுறை செவ்வாய்க்கிழமை. செவ்வாய்க்கிழமை உட்காரவைத்தால் ஐந்தாவது நிமிடம் தூங்கிவிடுவாள். இல்லாவிட்டால் ஆள் போதவில்லை என்று கடையிலிருந்து ஃபோன் வரும். சரி, அடுத்த செவ்வாய் பார்த்துக்கொள்ளலாம் என்று அந்த இடத்தை மட்டும் விட்டுவிட்டு ஷின்பெய் மற்றதை முடித்துவிடுவார். அடுத்த செவ்வாய் வருவதற்குள் வேறு ஓவியம் தொடங்கியிருக்கும். இப்படியே நாற்பத்தொன்று.

முதலில் யாரோ ஒரு விமரிசகர் அந்த வெள்ளையைப் பார்த்து "ஆழம்" என்று எழுதினார். ஷின்பெய் மறுத்து எழுத நினைத்தார். உட்கார்ந்து யோசித்ததில் தபால் செலவு வீண் என்று பட்டது. பத்தாவது விமரிசகர் எழுதியபோது அவருக்கே லேசாக ஆழம் தெரிய ஆரம்பித்துவிட்டது.

மறுவாரமே ஃபுமியே பாஸ்போர்ட்டுக்குப் படம் எடுத்துக்கொண்டு வந்தாள். "முதலாளிகிட்ட ஒரு மாசம் லீவு கேட்டேன்," என்றாள். "மனுஷன் ஒண்ணும் சொல்லலை. கையில இருந்த இடுக்கியை எண்ணெய்க்குள்ள போட்டுட்டார். அப்புறம் சரின்னுட்டார். இருபத்தாறு வருஷத்துல முதல் தடவையாச்சே. எங்கே, சான்றிதழ் வாங்கிட்டீங்களா?"

அந்தப் படத்தை ஷின்பெய் கையில் வாங்கிப் பார்த்தார். ஃபுமியேவின் முகம். விழித்திருக்கும் முகம். ஆடாமல் அசையாமல் ஒரு எந்திரத்துக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறாள். தனக்கு இருபத்தாறு வருடமாகக் கிடைக்காத ஒன்று, ரயில் நிலையத்தில் காசு போட்டால் படமெடுக்கும் பெட்டிக்கு இரண்டு நிமிடத்தில் கிடைத்திருக்கிறது.

இன்மைத் தாக்கச் சான்றளிப்புக் கழகம் கால்வாய்க் கரையில் நான்கு மாடிக் கட்டிடம். வாசலில் ஒரு பலகை: "இங்கே எதுவும் இல்லை. காலணிகளைக் கழற்றவும்." காத்திருப்போர் கூடத்தில் இருபது பேர் இருந்தார்கள். பக்கத்து நாற்காலிக்காரர் ஒரு இசையமைப்பாளர்.

"எத்தனாவது தடவை?" என்று அவர் கிசுகிசுத்தார்.

"இதான் முதல் தடவை."

"எனக்கு நாலாவது. மூணு வருஷமா ஒரு சுரம்கூட எழுதலை. அப்படியும் 'முன்னேற்றம் போதாது'ன்னு திருப்பி அனுப்பிட்டாங்க. மனசுக்குள்ள முணுமுணுக்கிறேனாம். எப்படிக் கண்டுபிடிச்சாங்கன்னே தெரியலை."

தொகாஷி என்ற எழுத்தர் கூப்பிட்டார். முப்பது வயதிருக்கும். கழுத்துப்பட்டை, கைக்கு உறை, இருபத்திரண்டு கேள்விகள் கொண்ட படிவம்.

"தாக்கம் நடந்த தேதி?"

"சரியா ஞாபகம் இல்லீங்க. மெதுவா நடந்திருக்கும்னு நினைக்கறேன்."

"மெதுவான தாக்கம்னா பச்சைப் படிவம். திடீர்த் தாக்கம்னா மஞ்சள், ரெண்டு சாட்சி வேணும். மெதுவானதுக்கு சாட்சி வேண்டாம். ஆனா அக்கம்பக்கத்துல விசாரிப்போம்."

"என்னன்னு விசாரிப்பீங்க?"

"இந்த வீட்டுக்காரர் வரவரக் குறைஞ்சுக்கிட்டு வராரான்னு."

"எடை ஏறியில்ல இருக்கு," என்றார் ஷின்பெய் கவலையோடு.

"அதை ஏழாம் கேள்வியில விளக்கிக்கலாம். அடுத்தது. பெரியாசான் இனாகியோட நூல்களோடு உங்களுக்குத் தொடர்பு உண்டா?"

இங்கே ஷின்பெய்க்கு வியர்த்தது. கல்லூரியில் படிக்கும்போது ஒரு பெண்ணைப் பிரமிக்கவைக்க வேண்டி இனாகியின் கனத்த நூல் ஒன்றை வாங்கியது உண்மை. பதினோராவது பக்கத்தில் அந்தப் பெண் வேறொருவனோடு போய்விட்டாள். பன்னிரண்டாவது பக்கத்துக்கு அவசியம் ஏற்படவில்லை. அன்று முதல் அந்த நூல், ஒரு கால் குட்டையாக இருந்த ஓவிய ஸ்டாண்டுக்கு அடியில் இருக்கிறது. ஷின்பெய் பொய் சொல்லத் தெரியாதவர். உண்மையையும் பாதிக்குமேல் சொல்லத் தெரியாதவர்.

"தினமும் தொடர்பு உண்டுங்க. முப்பது வருஷத்துக்கு மேலா. அது மட்டும் இல்லேன்னா என் ஓவியமெல்லாம் ஒரு பக்கமா சாஞ்சிரும்."

தொகாஷி பேனாவைக் கீழே வைத்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எட்டு வருஷமா இந்த மேஜையில இருக்கேன் ஐயா. இந்தக் கேள்விக்கு இப்படி ஒரு பதில் கேட்டதில்லை," என்று கரகரத்தார். ஷின்பெய்யும் மரியாதையோடு தலையசைத்தார். நல்ல பதில்தான்.

பதினான்காம் கேள்வி இப்படி இருந்தது: "வேறு யாருடைய தாக்கமாவது உண்டா? ('இல்லை' என்று எழுதவும்.)" ஷின்பெய் அந்த இடத்தை மட்டும் விட்டுவிட்டு மற்றதை முடித்தார். பழக்கம்.

இரண்டாம் கட்டம் நேர்காணல். மூன்று வல்லுநர்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் துணைத்தலைவர் பேராசிரியர் நாகட்சுகா. விதி ஒன்றே ஒன்று: யாரும் பேசக் கூடாது. பேசினால் தோல்வி. பத்து நிமிடம் போனது. இருபது போனது. ஷின்பெய் சுவரைப் பார்த்தார். சுவரில் ஒரு வெற்றுச் சட்டகம் மாட்டியிருந்தது. இதற்கும் ஒரு சான்றிதழ் வாங்கியிருப்பார்களோ என்று யோசித்தார். முப்பத்தைந்தாவது நிமிடம், காலையிலிருந்து காலியாகக் கிடந்த அவர் வயிறு, கிணற்றில் வாளி உருளுவது போல ஒரு நீண்ட சத்தம் எழுப்பியது.

தொலைந்தோம் என்று ஷின்பெய் கண்ணை மூடிக்கொண்டார். மூன்று பேனாக்கள் ஓடும் சத்தம் கேட்டது. பின்னால் குறிப்பேட்டில் பார்த்தபோது இப்படி எழுதியிருந்தார்கள்: "முதலில் தயக்கம். பிறகு உறுதி. இறுதியில் கேள்வியாகவே முடிந்தது. மிகச் சிறப்பு."

மௌனம் முடிந்ததும் நாகட்சுகா எழுந்து ஒரு மணி நேரம் பேசினார்.

"நாங்கள் யாரையும் அங்கீகரிப்பதில்லை, உடோனோ அவர்களே. அங்கீகாரம் என்பது மேற்கிலிருந்து வந்த நோய். எங்கள் சான்றிதழ் அதற்கான மருந்து, ஆகவேதான் அதை மேற்கில் உள்ளவர்கள் கேட்டு வாங்குகிறார்கள். பெரியாசான் சொன்னார், 'நான்' என்பதை விட்டுவிடு என்று. நான் விட்டேன். நான் முப்பத்துநான்கு வருடம் முன்பே விட்டேன். எனக்குப் பிறகு விட்டவர்கள்தான் இப்போது பல்கலைக்கழகங்களில் மேடையேறுகிறார்கள். அதை நான் பொருட்படுத்துவதில்லை. அவர்கள் பெயரும் துறையும் விட்ட தேதியும் என் குறிப்பேட்டில் இருக்கின்றன, அவ்வளவுதான். தன்னை இல்லாமல் ஆக்கிக்கொள்வதில் இந்த நகரத்தில் எனக்கு நிகர் யாரும் கிடையாது. இதை நான் பெருமைக்காகச் சொல்லவில்லை, போன மாதக் கூட்டத்தில் ஒன்பதுக்கு நான்கு வாக்குகளில் நிறைவேறிய தீர்மானம்."

மற்ற இரண்டு வல்லுநர்களும் தலையசைத்தார்கள். எதிர்த்து விழுந்த அந்த நான்கில் இரண்டு அவர்களுடையது என்பது தலையசைப்பின் சுருக்கத்தில் தெரிந்தது.

ஷின்பெய் தேறிவிட்டார். கீழே வந்தால் தொகாஷி படிவத்தோடு நின்றுகொண்டிருந்தார்.

"ஒண்ணே ஒண்ணு பாக்கி, ஐயா. பதினாலாம் கேள்வியை விட்டுட்டீங்க. 'இல்லை'ன்னு எழுதிட்டா இன்னிக்கே மேல அனுப்பிடுவேன்."

ஷின்பெய் பேனாவை எடுத்தார். 'இல்லை' என்பது சின்ன வார்த்தைதான். இந்தக் கட்டிடத்தில் சுவருக்குச் சுவர் எழுதியிருக்கும் வார்த்தை. ஆனால் சட்டைப்பையில் ஃபுமியேவின் படம் இருந்தது. பாஸ்போர்ட்டுக்கு இரண்டு போதும், மூன்றாவது வீணாகிறதே என்று அவர் எடுத்து வைத்துக்கொண்டது. என்ன ஆனதோ தெரியவில்லை, அந்தக் கட்டத்தில் அவர் கை "உடோனோ ஃபுமியே" என்று எழுதிவிட்டது. எழுதிவிட்டு அவரே திடுக்கிட்டார்.

தொகாஷி எட்டிப் பார்த்தார். "இவங்க எந்தத் தத்துவப் பள்ளி?"

"கடைவீதிங்க."

"கடைவீதியா... மேடையில பேசுவாங்களா?"

"வீட்டுலதான் பேசுவாங்க."

"எழுதினது ஏதாவது?"

"கொரோக்கே கடை வாசல்ல விலைப்பலகை அவங்கதான் எழுதறது. கையெழுத்து முத்துமுத்தா இருக்கும்."

படிவத்தின் ஓரத்தில் பென்சிலால் 'கொரோக்கே கடை' என்று குறித்துக்கொண்டிருந்த தொகாஷியின் முகம் வெளிறியது. "உங்க மனைவியா? ஐயா, மனைவிக்கு எங்ககிட்ட பிரிவே இல்லை! தாய்க்கு ஒரு இணைப்புப் படிவம் இருக்கு, அதுவும் அவங்க இறந்துபோயிருக்கணும். நல்லவேளை, பயப்படாதீங்க. பேர் மேல ரெட்டைக் கோடு போட்டு, அதும்மேல உங்க முத்திரையைக் குத்திட்டா, தப்பா எழுதிட்டேன்னு நீங்களே ஒத்துக்கிட்டதா ஆயிடும். எல்லா ஆபீஸ்லயும் இதே வழக்கம்தானே."

ஷின்பெய் பையிலிருந்து முத்திரையை எடுத்தார். சிவப்பு மையில் ஒற்றினார். தொகாஷி அளவுகோல் வைத்துப் போட்டுத்தந்த இரட்டைக் கோட்டுக்கு மேலே அதைப் பிடித்தார். கையெழுத்துக்குப் பதிலாகக் குத்தும் மரத்தாலான சின்ன உருளை, முனையில் 'உடோனோ' என்று செதுக்கியது. கல்யாணமான வாரம் ஃபுமியே போய்ச் செதுக்கி வாங்கிவந்தது. வங்கிக்கும் வாடகைக்கும் தபால்காரனுக்கும் இத்தனை வருடமாக அவள்தான் இதைக் குத்திக்கொண்டிருக்கிறாள். ஷின்பெய் அதைத் திருப்பி முனையில் இருந்த பெயரைப் படித்தார்.

"தம்பி," என்றார். "இதுல இருக்கறது அவ பேரும்தான்."

"ஐயா?"

"உடோனோன்னுதானே இருக்கு. அவளும் உடோனோதான். அவ பேரை வச்சே அவ பேரை அடிக்கச் சொல்றீங்களே, எப்படி?"

தொகாஷி அளவுகோலைக் கீழே வைத்தார். விதிப்புத்தகத்தைப் புரட்டினார். இந்த மாதிரி ஒரு சங்கடத்தை அந்தப் புத்தகம் எதிர்பார்த்திருக்கவில்லை.

"இல்லேன்னா சான்றிதழ் வராமப் போயிடலாம் ஐயா."

"போகலாம்," என்றார் ஷின்பெய். முத்திரையின் மையைக் கைக்குட்டையில் துடைத்துப் பையில் போட்டுக்கொண்டார். துணிச்சல் என்று சொல்ல முடியாது, வாசலில் காலணிகளை இடம்வலம் மாற்றிப் போட்டுக்கொண்டுதான் வெளியே வந்தார். பஸ்ஸில் போகும் வழியெல்லாம், ஃபுமியேவின் லீவையும் சேர்த்து அடித்துவிட்டோமே என்று தன்னைத் திட்டிக்கொண்டு போனார். வீட்டில் வாய் திறக்கவில்லை. ஃபுமியே பக்கத்து வீட்டிலிருந்து பெரிய பயணப்பெட்டி இரவல் வாங்கி வைத்திருந்தாள்.

படிவம் என்னவோ மேலே போய்விட்டது. இரட்டைக் கோடு மட்டும் இருந்து முத்திரை இல்லாததால், அது அடித்ததா அடிக்காததா என்று முடிவு செய்யும் அதிகாரம் தொகாஷிக்கு இல்லை. அதிகாரம் இல்லாதவர்கள் செய்வதை அவரும் செய்தார்: தன் முத்திரையைக் குத்தி அடுத்தவருக்கு அனுப்பினார்.

படிவத்தின் அடியில் ஒன்பது கட்டங்கள். மேலதிகாரியின் கட்டத்தைப் பார்த்து வணங்குவதுபோல் கீழதிகாரி தன் முத்திரையைக் கொஞ்சம் சாய்த்துக் குத்துவது எங்கும் உள்ள மரியாதை. கழகத்தில் அது ஒரு பாடத்திட்டம். தொகாஷியின் முத்திரை பயத்தில் குப்புறவே படுத்துவிட்டது. பிரிவு அலுவலர், அது இவ்வளவு பணிவாக இருப்பதைப் பார்த்து, உள்ளே எல்லாம் ஒழுங்காகத்தான் இருக்கும் என்று தானும் குத்தினார். அப்படியே எட்டுப் பேர். ஒருவரும் பதினான்காம் கேள்வியைப் படிக்கவில்லை. முந்தின முத்திரையின் சாய்வைத்தான் படித்தார்கள்.

ஒன்பதாவது கட்டம் தலைவருடையது. தலைவர் ஹதனாகாவுக்குத் தொண்ணூற்றிரண்டு வயது. பெரியாசானை நேரில் பார்த்தவர்களில் மிஞ்சியிருப்பவர். பதினோரு வருடத்துக்கு முன் ஒரு நாள் "உண்மையான முத்திரை தடம் விடாது" என்று சொல்லிவிட்டு மையைத் தொடுவதை விட்டார். அன்றிலிருந்து காய்ந்த முத்திரையைத்தான் காகிதத்தில் மெதுவாக வைத்து எடுக்கிறார். வைத்து எடுக்கிறாரா, வைக்காமலே எடுக்கிறாரா என்பது யாருக்கும் தெரியாது. அதை ஆராய ஒரு குழு இருக்கிறது. இரண்டு தொகுதி அறிக்கை வந்திருக்கிறது. மூன்றாவது தொகுதி, ஒருமுறை இதுபற்றிக் கேட்டபோது தலைவர் சிரித்த சிரிப்பைப் பற்றியது.

மாத முடிவுக்கு மூன்று நாள் இருக்கும்போது சான்றிதழ் வழங்கும் விழாவுக்கு அழைப்பு வந்தது. தலைவர் சக்கர நாற்காலியில் வந்தார். காகிதத்தை நீட்டினார். ஷின்பெய் குனிந்து வாங்கும்போது கிழவரின் வாய் அவர் காதருகே வந்தது. கூடமே மூச்சைப் பிடித்தது. குழுவினர் குறிப்பேடுகளைத் திறந்தார்கள்.

"அந்தக் கடையில..." என்றார் தலைவர், இலை உரசுவது போன்ற குரலில். "கொரோக்கே வெறும் உருளைக்கிழங்கா, இல்லே கறியும் போடுவாங்களா?"

ஷின்பெய் திகைத்துப்போனார். "ரெண்டும் உண்டுங்க. கறி போட்டது பதினோரு மணிக்கெல்லாம் தீர்ந்துடும்."

"ம்," என்றார் தலைவர். கண்ணை மூடிக்கொண்டார்.

வெளியே வந்து ஷின்பெய் காகிதத்தைப் பிரித்தார். எட்டுக் கட்டங்களில் சிவப்பு முத்திரைகள் காற்றில் சாய்ந்த நாற்றுகள் மாதிரி சாய்ந்து நின்றன. ஒன்பதாவது கட்டம் வெள்ளை.

"இதுல தலைவர் குத்தியிருக்காரா?" என்று தொகாஷியைக் கேட்டார்.

"அதைத்தானே ஐயா பதினோரு வருஷமா ஆராயறோம்."

"அப்ப இது செல்லுமா செல்லாதா?"

தொகாஷி சுற்றுமுற்றும் பார்த்தார். "தாக்கம் உண்மையா இருந்தா செல்லும்னு துணைத்தலைவர் சொல்றார். எது உண்மைன்னு கேட்டா சான்றிதழ் உள்ளதுன்னு சொல்றார்." பிறகு இன்னும் தணிந்த குரலில், "ஐயா, அந்தக் கடை எந்தப் பக்கம்?" என்றார்.

வீட்டில் ஃபுமியே சான்றிதழை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். கட்டத்தின்மேல் விரலை ஓட்டினாள். மாவின் பதம் பார்க்கிற விரல், ஒரு மேடும் பள்ளமும் தப்பாது.

"ஒண்ணும் இல்லையே."

"ஒண்ணும் இல்லாததுதான் அவங்க முத்திரை."

"ஜெர்மன்காரங்க முத்திரை எங்கேன்னு கேட்டா?" என்றபடி அவள் கண் மேலேறிப் பதினான்காம் கேள்வியில் நின்றது. சான்றிதழும் படிவமும் ஒரே காகிதம். இரட்டைக் கோட்டுக்கு அடியில் தன் பெயரைப் படித்தாள். வெகுநேரம் படித்தாள். அது அவ்வளவு நீளமான பெயர் இல்லை.

"ஏன் கோடு போட்டிருக்கு?"

ஷின்பெய் சொன்னார். முத்திரையைத் தூக்கிப் பிடித்ததையும், குத்தாமல் வந்ததையும், பஸ்ஸில் திட்டிக்கொண்டதையும் சொன்னார். இந்தத் தடவை முழுசாகவே சொன்னார்.

"லூசு," என்றாள் ஃபுமியே. "ஒரு மாசம் லீவு. இரவல் பெட்டி. அதுக்கு மேல ஒரு பேரைத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு வந்திருக்கீங்க." மூக்கை உறிஞ்சினாள். சளியில்லை. "ஓவியரே, அந்த வெள்ளை எத்தனை பெரிசு?"

"இந்தக் கட்டமா? கட்டைவிரல் நகம் அளவு இருக்கும்."

"இவ்வளவு சின்னதுன்னா அஞ்சு நிமிஷத்துல முடியாதா? இன்னும் தூக்கம் வரலை."

முத்திரை விழுந்த இடத்தில் வரைவது குற்றம். விழாத இடத்தில் வரைவது ஓவியம். இது எது என்று சொல்லவேண்டியவர்கள் இன்னும் ஆராய்ந்துகொண்டிருந்ததால், ஷின்பெய் பென்சிலைக் கூராகச் சீவினார். தன் நாற்காலியில் உட்கார்ந்தார். ஃபுமியே தரையில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். எண்ணெய் வாசம் அடித்தது. நான்காவது நிமிடம் அவள் தலை சரிய ஆரம்பித்தது. ஆனால் இந்தத் தடவை அவர் கண்களை முதலில் வரைந்துவிட்டிருந்தார்.

மறுநாள் சான்றிதழ் தபாலில் போனது. மூன்று வாரம் ஒரு தகவலும் இல்லை. பக்கத்து வீட்டுக்காரி பெட்டியைத் திருப்பிக் கேட்டுவிடுவாளோ என்று ஃபுமியே அவள் கண்ணில் படாமல் நடமாடினாள். நான்காவது வாரம் பதில் வந்தது. ஷின்பெய் குரலை ஏற்றாமல் இறக்காமல் படித்தார்.

"சான்றிதழ் கிடைத்தது. தங்கள் அறை உறுதியாயிற்று. தலைவரின் முத்திரையைக் கண்டு எங்கள் குழு மறுபடியும் இரண்டு நாள் பேச்சற்றுப் போயிற்று. எல்லாவற்றையும் கடந்த, எதையுமே வேண்டாத முகம். இன்மைக்கு இப்படி ஒரு முகம் இருக்கும் என்று இத்தனை காலம் நாங்கள் அறியவில்லை. அதைப் பெரிதாக்கிக் கண்காட்சியின் வாசலில் வைக்க அனுமதி வேண்டுகிறோம்."

ஃபுமியே கெண்டைக்காலைப் பிசைவதை நிறுத்தினாள்.

"எதையுமே வேண்டாத முகமா?" என்றாள். "ஒன்பது மணி நேரம் நின்னுட்டு வந்து தரையில உக்காந்திருந்தேன். அன்னிக்கு எனக்கு வேண்டியிருந்தது ஒரு நாற்காலிங்க."

ஷின்பெய் எழுந்து, வீட்டில் இருந்த அந்த ஒரே நாற்காலியை அவள் பக்கம் தள்ளினார். மறுநாள் செவ்வாய்க்கிழமை. நாற்பத்தொன்றில் முதலாவதைத் தூக்கி ஸ்டாண்டில் வைத்தார். நின்றுகொண்டும் வரையலாம் என்பது அவருக்கு ஐம்பத்தாறாவது வயதில்தான் தெரியவந்தது.